கசிவது தானமா?

உலகெங்கும் நகரக் குடிநீர் அமைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒரு கணக்கைப் போடுகின்றன. ஊருக்குள் எவ்வளவு தண்ணீர் அனுப்பினோம், அதில் எவ்வளவுக்குப் பணம் வந்தது? இரண்டுக்கும் நடுவே விழும் தொகைக்கு ‘வருவாய் ஈட்டாத நீர்’ என்று பெயர். 2000-ஆம் ஆண்டில் பன்னாட்டு நீர்ச் சங்கம் வகுத்துத் தந்த பட்டியல் முறை இது. அந்தத் தொகைக்குள் மூன்று வகைத் தண்ணீர் சேர்ந்தே கிடக்கிறது. தெருவுக்கு அடியில் மூட்டு விட்டுப்போன குழாயிலிருந்து ஒழுகுவது ஒன்று. திருட்டு இணைப்பிலும் ஓடாத மீட்டரிலும் போவது இன்னொன்று. தெருக்குழாயிலும் தீயணைப்பு வண்டியிலும் நகராட்சி தெரிந்தே காசு வாங்காமல் கொடுப்பது மூன்றாவது. சித்திரை வெயிலில் நகராட்சிக் குழாயில் பிடித்துத் தண்ணீர்ப் பந்தலில் நிரப்பிய பானையும் மண்ணுக்குள் விரிசல் விட்ட குழாயும் இந்தக் கணக்கில் ஒரே பக்கத்தில்தான் நிற்கின்றன.

கணக்கர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்று இதை விட்டுவிடலாம். ஆனால் காஞ்சிபுரம் போன்ற ஊரில் அப்படி விட முடியாது. கொடுத்த தண்ணீரும் ஒழுகிய தண்ணீரும் ஒன்றா என்பது இந்த ஊரின் சமயங்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் பதில் சொல்லிவைத்திருக்கும் கேள்வி.

காஞ்சியின் தலபுராணங்களில் தண்ணீர் பெரும்பாலும் கட்டுக்கடங்காமல் வருகிறது. யாராவது அதை எதிர்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. தன்னை விட்டுவிட்டு பிரம்மன் வேள்வி தொடங்கினான் என்ற கோபத்தில் சரஸ்வதி வேகவதி ஆறாகப் பாய்ந்து வருகிறாள். திருமால் அதன் குறுக்கே அணையாகப் படுத்துவிடுகிறார். திருவெஃகாவில் இன்றும் அவர் படுத்த கோலத்தில்தான் இருக்கிறார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் அவரே. ஏகாம்பரநாதர் கோயிலில் கதை வேறு. மாமரத்தடியில் அம்மை மணலால் பிடித்துவைத்த லிங்கத்தை ஆற்று வெள்ளம் கரைக்க வருகிறது. அவள் அதைத் தழுவிக் காக்கிறாள். மண் லிங்கம் என்பதால் மூலவருக்கு நீராட்டு கிடையாது. ஆவுடையாருக்கு மட்டும்தான் அபிஷேகம், லிங்கத்துக்குப் புனுகு. அபிஷேகப் பிரியன் என்று தமிழர்கள் கொண்டாடும் சிவன், இந்தக் கோயிலில் தன் மேல் தண்ணீர் படாமல் இருக்கிறான்.

வரதராசப் பெருமாள் கோயிலில் தண்ணீருக்கு முற்றிலும் வேறு வேலை. அத்தி மரத்தாலான அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் 40 ஆண்டு இருக்கிறார். 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 அன்று தரிசனம் தொடங்கி, 48 நாள் முடிந்து, ஆகஸ்ட் 17-ல் மீண்டும் நீருக்குள் போனார். அந்தக் கோடையில்தான் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றி, தலைநகரம் ரயிலில் தண்ணீர் வரவழைத்தது. அதே வாரங்களில் காஞ்சியின் தெருக்களில் நாள்தோறும் லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும், கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும். குளத்தைச் சுத்தம் செய்வது, நல்ல நீரால் நிரப்புவது பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பெருமாளுக்கு எந்தத் தண்ணீர், எவ்வளவு, எங்கிருந்து என்று நீதிமன்றத்தில் பேச நேர்ந்ததைச் சிலர் அவமானமாக நினைத்தார்கள். அப்படி நினைக்க எதுவும் இல்லை. வறண்ட ஆண்டில் தண்ணீரைப் பற்றி அளவோடும் ஆதாரத்தோடும் பேசுவதைவிட மரியாதையான வழிபாடு எது?

தானம் என்றால் என்ன என்பதற்குத் தரும சாத்திரங்கள் கறாரான இலக்கணம் வைத்திருக்கின்றன. கொடுப்பது தன்னுடையதாக இருக்க வேண்டும். கொடுக்கிறோம் என்ற அறிவோடு கொடுக்க வேண்டும். எதிரே ஒருவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அது தானம் ஆகாது. குளம், கிணறு, தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றுக்கு இன்னொரு பிரிவு உண்டு: பூர்த்தம். அங்கே உடையவன் தன் உரிமையை எல்லா உயிர்களுக்குமாக விட்டுவிடுகிறான்; அதன் பிறகு அவனும் எல்லாரையும் போல ஒரு ஆளாக வந்து அதில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு உத்சர்க்கம் என்று பெயர். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் இதே எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட சாசனங்களில், தண்ணீர் சுமந்து வருபவருக்கு இவ்வளவு, ஊற்றிக் கொடுப்பவருக்கு இவ்வளவு, கலம் தரும் குயவருக்கு இவ்வளவு என்று பங்கு எழுதப்பட்டிருக்கிறது. அறம் என்பதற்காக யாரும் கணக்கு எழுதாமல் இருந்துவிடவில்லை.

இராமானுசர் கதையையும் இந்த இடத்தில் நினைக்கலாம். விந்தியக் காட்டில் வழிதவறிய இளைஞருக்கு வேடர் தம்பதியாக வந்த பெருமாளும் தாயாரும் துணை நின்றார்கள். பொழுது விடியும்போது தாகம் என்று தண்ணீர் கேட்டார்கள். கிணற்றில் இறங்கிக் கையால் முகந்து வந்து கொடுத்தார். மறுபடி முகந்து வந்தபோது இருவரையும் காணவில்லை. காஞ்சியின் விமானம் தெரிந்தது. அதன் பிறகு அந்தச் சாலைக் கிணற்றிலிருந்து வரதருக்குத் தினமும் குடத்தில் நீர் சுமந்தார் என்கிறது குருபரம்பரை. கேட்டவர் உண்டு, கொடுத்தவர் உண்டு, கொடுத்தது போய்ச் சேர்ந்தது.

குழாயில் ஒழுகும் தண்ணீரை இந்த இலக்கணத்தில் வைத்துப் பாருங்கள். அதை யாரும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, யார் கைக்கும் அது போகவில்லை. அப்படியிருந்தும் ‘மண்ணுக்குத்தானே போகிறது, கிணற்றில் ஊறிவிடும்’ என்று ஒரு சமாதானம் நம் ஊர்களில் எளிதாகச் சொல்லப்படுகிறது. ஊறும் என்பது உண்மைதான். ஆனால் எந்தத் தண்ணீர் அது? காஞ்சிபுரம் பாலாற்று மணலுக்குள் கிடக்கும் நீரைக் குடிக்கும் ஊர். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் வரும் அந்த ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவது மணல் மட்டுமே. ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் ஆற்றுப் படுகையிலிருந்து எடுத்து, மின்சாரம் செலவழித்து ஏற்றி, குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டியில் நிறுத்திய தண்ணீர் அது. தெருவுக்கு அடியில் ஒழுகினால் அது ஆற்றுக்குத் திரும்பிப் போவதில்லை. பக்கத்துச் சாக்கடையோடு கலக்கிறது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. குழாயில் தண்ணீர் வரும் நேரம் ஒழுகும் அதே ஓட்டை, தண்ணீர் நின்று குழாய் காலியாகும் நேரம் வெளியே தேங்கிக் கிடப்பதை உள்ளே இழுக்கும். சில மணி நேரம் மட்டுமே தண்ணீர் திறந்துவிடும் ஊர்களில் இது நாள்தோறும் நடக்கிறது. அழுத்தம் குறைந்து தண்ணீர் வராத கடைமடைத் தெருவில், வசதி உள்ளவர் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார். உள்ளிழுப்பு இன்னும் கூடுகிறது. மோட்டார் வாங்க முடியாத வீட்டுக்கு மிஞ்சுவது கலங்கிய தண்ணீர், அல்லது காற்று. கொடுக்கப்படாததை எடுக்காதே என்பது பௌத்தத்தின் இரண்டாம் சீலம். சமணமும் கள்ளாமையை விரதங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. இரண்டு சமயங்களும் செழித்திருந்த ஊர் காஞ்சி. வேகவதிக் கரையில் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயில் இன்றும் நிற்கிறது. நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு, ஆகவே தேவைக்கு மேல் ஒரு கை நீரும் சிந்தக்கூடாது என்ற அந்தச் சமயத்தின் பார்வையில், ஒழுகும் குழாயைப் பழுது பார்ப்பது உயிர் காக்கும் காரியம்.

சின்ன ஒழுக்கு எவ்வளவு தின்னும் என்பது கணக்குப் போட்டால்தான் உறைக்கும். நிமிடத்துக்கு 1 லிட்டர் கசியும் மூட்டு ஒரு நாளில் 1,440 லிட்டரைக் குடித்துவிடும். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற இந்திய அளவுகோலில், பத்துப் பேருக்கான தண்ணீர் அது. சாலையைப் பிளந்து பீறிடும் உடைப்பை யாராவது போன் செய்து சொல்லிவிடுவார்கள். ஓரிரு நாளில் அடைத்துவிடலாம். தெருவில் தலைகாட்டாத கசிவு மாதக்கணக்கில் ஓடும். பெரும்பாலான நகரங்களில் அதிகம் இழக்கப்படுவது இந்த இரண்டாவது வகையில்தான். உலக அளவில் வருவாய் ஈட்டாத நீர் ஆண்டுக்கு 12,600 கோடி கன மீட்டர் என்று 2019-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இந்திய நகரங்களுக்கு மத்திய அரசு 2008-ல் வைத்த இலக்கு, இழப்பு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டமும் அதையே திரும்பச் சொல்கிறது. இலக்கு திரும்பச் சொல்லப்படுவதிலிருந்தே நிலைமை தெரிகிறது.

டிஜிட்டல் கருவிகள் உதவிக்கு வருவது இந்தக் கண்ணுக்குத் தெரியாத கசிவில்தான். ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே நுழைவாயில் வைத்து, அங்கே மீட்டர் பொருத்துகிறார்கள். பின்னிரவு 2 மணியிலிருந்து 4 மணி வரை எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்பதை அது மையத்துக்கு அனுப்பும். ஊர் தூங்கும் நேரத்தில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி கசிவு. எந்த வட்டாரம் என்று தெரிந்ததும், குழாயின் இரு முனைகளில் ஒலியுணர்விகளை வைப்பார்கள். கசியும் நீர் எழுப்பும் இரைச்சல் இரண்டையும் எட்டும் நேர வித்தியாசத்திலிருந்து ஓட்டை எத்தனையாவது மீட்டரில் இருக்கிறது என்று கணினி சொல்லிவிடும். இரும்புக் குழாயில் இது நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் குழாய் ஒலியை விழுங்கிவிடுவதால் அங்கே உணர்விகளை நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கும். இரவில் தேவை குறையும்போது வால்வைத் தானாகவே கொஞ்சம் மூடி அழுத்தத்தைக் குறைத்தால், ஒரு ஓட்டையைக்கூட அடைக்காமலே கசிவு குறையும். ஊரின் முழுக் குழாய் வலையையும் கணினியில் வரைந்து சோதித்துப் பார்க்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1993-லேயே வெளியிட்ட எபாநெட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் கருவியை வாங்கி மாட்டியதும் பலன் வந்துவிடாது. பின்னிரவுக் கணக்குக்குக் குழாயில் பின்னிரவிலும் தண்ணீர் நிற்க வேண்டும். காலையில் சில மணி நேரம் திறந்து மூடும் ஊரில் அந்த முறை எடுபடாது. அதனால்தான் கர்நாடகம் 2008 வாக்கில் ஹூப்ளி-தார்வாட், பெல்காம், குல்பர்கா நகரங்களில் சில பகுதிகளை மட்டும் எடுத்து, முதலில் 24 மணி நேரமும் அழுத்தம் நிற்கச் செய்து காட்டியது. கோயில் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதரின் கருட சேவைக்கு முந்தைய இரவு காஞ்சிபுரம் தூங்காது. சாமி புறப்படும் நேரம் விடியற்காலை. அதற்கு வெகு முன்பே வீடுகளில் குளியல் தொடங்கிவிடும், வெளியூர்க் கூட்டம் இரவே வந்து இறங்கிவிடும். வேறொரு நகரத்தின் பழக்கத்தைப் படித்த மென்பொருள் அந்த இரவின் ஓட்டத்தைக் குழாய் உடைப்பு என்றே எண்ணும். காஞ்சியின் தண்ணீரை அளக்க வரும் கணினிக்குப் பஞ்சாங்கமும் சொல்லித்தரப்பட வேண்டும். ஊரின் வால்வு திறப்பவருக்கு அது மனப்பாடம். அவருடைய அறிவை ஒதுக்கிவிட்டு அமைக்கப்படும் எந்தக் கட்டுப்பாட்டு அறையும் அரைக் குருடுதான்.

அளப்பது என்றாலே ஈரமில்லாத காரியம் என்று நினைக்கிறவர்கள் காஞ்சிபுரத்தின் பட்டுத் தொழிலைப் பார்க்கலாம். கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை நீக்கும்போது ஏறக்குறைய கால்வாசி எடை போய்விடும். கூட்டுறவுச் சங்கத்தில் நூலும் ஜரிகையும் எடைபோட்டுத்தான் நெசவாளர் கைக்கு வரும். நெய்த சேலையும் எடைபோட்டுத்தான் உள்ளே போகும். பசையில் போன எடையை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை, அது எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். காரணம் தெரியாத குறைவைத்தான் கேட்பார்கள்.

அளவீட்டைக் கண்டு அஞ்சுவதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் பீரி என்ற பகுதியில் 2004-ல் முன்பணம் செலுத்தும் மீட்டர்களை ஜோகன்னஸ்பர்க் நகரம் பொருத்தியது. அங்கே அனுப்பப்பட்ட தண்ணீரில் பெரும்பகுதி கணக்கில்லாமல் போகிறது, அதைத் தடுக்கத்தான் இது என்றது நகரம். வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம்; தீர்ந்ததும் குழாய் தானாக நின்றுவிடும், பணம் போட்டால்தான் திறக்கும். குடியிருப்பவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008-ல் உயர் நீதிமன்றம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் இலவசமாகத் தர வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் அது 42 ஆனது. 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் இரண்டையும் தள்ளி, மீட்டர் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. மசிபுகோ வழக்கு என்று உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் வழக்கு இது. சட்டம் எப்படியிருந்தாலும் அறத்தின் பக்கம் ஒரு கேள்வி தீராமல் நிற்கிறது. கசிவைக் கண்டுபிடிக்க வந்த கருவி, ஏழை வீட்டுத் தாகத்தையே கசிவாகக் கண்டால் என்ன செய்வது? கோயம்புத்தூர் மாநகராட்சி 2018-ல் பிரான்சின் சூயஸ் நிறுவனத்தோடு 24 மணி நேரக் குடிநீருக்காக 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது தெருவில் எழுந்த எதிர்ப்பிலும் இந்த அச்சம்தான் ஒலித்தது.

கம்போடியத் தலைநகர் புனோம் பென் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1993-ல் எக் சொன் சான் அதன் குடிநீர் ஆணையத்தின் பொறுப்பை ஏற்றபோது தண்ணீரில் 72 சதவீதம் காசாகாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னாளில் அது 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அவர் கணினியில் தொடங்கவில்லை. யார் எங்கே எடுக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார். திருட்டு இணைப்புக்கு உடந்தையான தன் ஊழியர்களைத் தண்டித்தார். பணம் கட்ட மறுத்த படைத் தளபதி ஒருவரின் இணைப்பைத் துண்டிக்கப் போனபோது துப்பாக்கி நீட்டப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அதே காலத்தில் ஏழைகளுக்கு மானியத்தில் இணைப்பு கொடுத்தார். வட்டார மீட்டர்களும் தொலைவிலிருந்து பார்க்கும் கருவிகளும் அதன் மேல்தான் வந்து உட்கார்ந்தன. 2006-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது ஒடிசாவின் பூரி. அதுவும் கோயில் ஊர்; தேரோட்டத்துக்கு நாடே திரளும் ஊர். குழாயிலிருந்தே அப்படியே குடிக்கத்தக்க தண்ணீரை 24 மணி நேரமும் தரும் முதல் இந்திய நகரம் என்று 2021 ஜூலை 26 அன்று அது அறிவிக்கப்பட்டது. வீடுகளுக்கு மீட்டர் வந்தது. மீட்டர் பார்ப்பது, ரசீது தருவது, தண்ணீரைப் பரிசோதிப்பது எல்லாம் ஜலசாத்தி எனப்படும் சுயஉதவிக் குழுப் பெண்களின் பொறுப்பு. கூடவே, யாத்திரிகர்கள் காசில்லாமல் குடிக்க ஊரெங்கும் 400 இடங்களில் குழாய்கள் வைக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. வீட்டில் அளந்து விற்பதும் தெருவில் அள்ளிக் கொடுப்பதும் ஒன்றையொன்று விரட்டவில்லை. ஒழுக்கை அடைத்து மிச்சம் பிடித்தால்தான் யாத்திரிகனுக்குக் கொடுக்கக் கையில் தண்ணீர் இருக்கும். மணிமேகலையின் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. மழை பொய்த்த காஞ்சியில் அது பசியாற்றியது என்கிறது காப்பியம். மேல்நிலைத் தொட்டி அப்படிப்பட்ட கலம் இல்லை.

கருவிகள் தரும் எண்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இதே மாவட்டத்தில் விடை இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காகப் புகழ்பெற்ற அவை ஏரி வாரியத்துக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்கக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக்கூடாது. தண்ணீர்க் கணக்கை ஊருக்கு முன்னால் வைக்காதது ஒரு குடும்பத்தையே விலக்கிவைக்கும் அளவுக்குப் பெரிய குற்றமாக இருந்திருக்கிறது. இன்றைய உணர்விகள் நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு எழுதுகின்றன. அந்தக் கணக்கு கட்டுப்பாட்டு அறைத் திரையோடும் ஒப்பந்ததாரர் கோப்போடும் நின்றுவிட்டால், கல்லில் வெட்டிவைத்த காலத்தைவிட நாம் பின்தங்கிப் போகிறோம். வார்டு வாரியாக எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு கசிந்தது, எவ்வளவு தெரிந்தே கொடுக்கப்பட்டது என்று மூன்று எண்களாக அது மாநகராட்சி வாசலிலும் வார்டு அலுவலகங்களிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். தண்ணீர்ப் பந்தலுக்கும் தெருக்குழாய்க்கும் போனது, இழப்பு என்ற தலைப்பிலிருந்து விடுபட்டுத் தன் பெயரோடு தனி வரியில் வர வேண்டும்.

முதல் மீட்டர் யார் வாசலில் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. எந்த நகரத்திலும் தண்ணீரின் பெரும்பங்கை எடுப்பவர்கள் எண்ணிக்கையில் சிலரே. காஞ்சிபுரத்தில் அவர்கள் தங்கும் விடுதிகள், கல்யாண மண்டபங்கள், மருத்துவமனைகள், பெரிய பட்டு மாளிகைகள், சாயப்பட்டறைகள், மடங்கள், கோயில்கள், அரசு அலுவலகங்கள். 2021-ல் மாநகராட்சியாக உயர்ந்த இந்த ஊர் அளவீட்டை அங்கிருந்து தொடங்கி, ஓட்டைக் குழாய்களை மாற்றி, கடைமடைத் தெருக்களில் அழுத்தம் நின்ற பிறகே கைத்தறி வீடுகளின் பக்கம் வர வேண்டும். வரும்போதும், அடிப்படைத் தேவைக்கான லிட்டர் இவ்வளவு, அதற்குக் கட்டணம் இல்லை, எந்தக் காரணத்துக்காகவும் அந்த அளவு நிறுத்தப்படாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.